தேருக்கு முட்டுக்கட்டையும் வேண்டும்!

கூட்டத்தில் சேர்ந்ததும் மனிதன் மாறுவது ஏன்?

கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலம் வட்டாரத்தில் உள்ள ஊர் கம்மாபுரம். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமை இடம். ஒரு பக்கம் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கம். இன்னொரு பக்கம் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்கள்.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக மண்ணைத் தோண்டும்போது வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வளர்ந்ததற்கு அந்தக் களிமண் ஒரு காரணம்.

பீங்கான் பொம்மையை எப்படிச் செய்கிறார்கள்? களிமண்ணைத் தண்ணீரில் கரைத்துக் குழம்பு ஆக்குகிறார்கள். அதை அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். களிமண் அச்சின் உருவத்தைப் பெறும். பிள்ளையார் அச்சில் ஊற்றினால் பிள்ளையார். யானை அச்சில் ஊற்றினால் யானை. "எனக்கு இந்த உருவம் வேண்டாம்" என்று களிமண் சொல்லாது.

மனிதனும் அப்படித்தானா? கூட்டம் என்ற அச்சில் போட்டால், அவனும் அதன் உருவத்தை எடுத்துக்கொள்வானா?

"பெரும்பாலும் ஆமாம்" என்கிறார்கள் மனித மனத்தை ஆராய்ந்த அறிஞர்கள். "ஆனால் தப்பிக்க வழி உண்டு" என்றும் சொல்கிறார்கள். அந்த வழி மிகவும் எளியது!

"எல்லோருக்கும் சம்மதம்தானே?"

தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூடவேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை அந்த நாட்கள். ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதில் உறுப்பினர்கள். ஏழை, பணக்காரன் என்ற வேறுபாடு கிடையாது.

குறைந்தது எத்தனை பேர் வரவேண்டும் என்றும் கணக்கு இருக்கிறது. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர். 3,000 வரை என்றால் 100 பேர். 10,000 வரை என்றால் 200 பேர். அதற்கு மேல் என்றால் 300 பேர்.

வருகிறவர்களின் தலையை எண்ணிவிடலாம். ஆனால் அவர்கள் வாயைத் திறக்கிறார்களா? அதற்குக் கணக்கு இல்லை!

எந்த ஊரிலும் நடக்கக்கூடியதுதான் இது. தீர்மானம் படிக்கப்படுகிறது. "எல்லோருக்கும் சம்மதம்தானே?" என்ற கேள்வி எழுகிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். யாரும் பேசவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதப்படுகிறது.

கூட்டம் கலைகிறது. டீக்கடையில் பேச்சு ஆரம்பம் ஆகிறது.

"அந்தக் குழாயைக் கீழத் தெருவுக்கு இல்ல போட்டிருக்கணும்?"

"அண்ணே, அதை அங்கேயே சொல்லியிருக்கலாமே?"

"எல்லாரும் சும்மா இருந்தாங்க. நான் மட்டும் எப்படித் தம்பி பேசுறது?"

அண்ணன் ஒருவர் மட்டும் அப்படி நினைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவரும் அப்படியே நினைத்தார். ஆகவே எல்லோரும் சும்மா இருந்தார்கள். யாருக்கும் முழுச் சம்மதம் இல்லாத ஒன்று, எல்லோருடைய சம்மதத்தோடும் நிறைவேறிவிட்டது!

கோட்டைப் பார்த்தார்கள், கூட்டத்தையும் பார்த்தார்கள்

சாலமன் ஆஷ் என்று ஒரு பேராசிரியர். போலந்து நாட்டில் 1907-ல் பிறந்தவர். சிறு வயதில் அமெரிக்காவுக்குப் போனவர். அவர் செய்த ஒரு சோதனையின் முடிவு 1951-ல் வெளிவந்தது.

சோதனை இதுதான். ஓர் அறையில் ஏழெட்டுக் கல்லூரி மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். முதலில் ஒரு கோட்டைக் காட்டுகிறார்கள். பிறகு மூன்று கோடுகளைக் காட்டுகிறார்கள். "இந்த மூன்றில் முதல் கோட்டின் அளவு உள்ளது எது?" இதுதான் கேள்வி. சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். அவ்வளவு சுலபம்.

ஆனால் அதில் ஒரு தந்திரம் இருந்தது. அந்த மாணவர்களில் ஒருவர்தான் உண்மையில் சோதிக்கப்படுகிறவர். மற்றவர்கள் எல்லோரும் பேராசிரியரின் ஆட்கள். வேண்டும் என்றே தவறான விடையைச் சொல்லும்படி அவர்களிடம் சொல்லி வைத்திருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக, எல்லோரும் ஒரே தவறான விடையைச் சொன்னார்கள். சோதிக்கப்படுகிறவரின் முறை கடைசியில் வந்தது.

அவர் என்ன சொன்னார்? தம் கண்ணை நம்பினாரா? கூட்டத்தை நம்பினாரா?

மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட தடவைகளில், கூட்டம் சொன்ன தவறான விடையையே சொன்னார்கள். 4 பேரில் 3 பேர், ஒரு தடவையாவது கூட்டத்துக்குப் பணிந்தார்கள். 4 பேரில் ஒருவர் மட்டுமே கடைசி வரை பணியவில்லை. இதே கேள்வியைத் தனியாகக் கேட்டபோது 100 விடைகளில் ஒன்றுகூடத் தவறவில்லை என்று சொல்லும் அளவுக்குச் சரியாகச் சொன்னார்கள்!

"ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று பிறகு அவர்களைக் கேட்டார்கள். இரண்டு வகையான பதில்கள் வந்தன.

"இத்தனை பேர் சொல்கிறார்களே, என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன்" என்றனர் சிலர்.

"அது தவறு என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் மட்டும் தனியாக நிற்க விரும்பவில்லை" என்றனர் வேறு சிலர்.

இந்த இரண்டும் நம் ஊரிலும் நடக்கின்றன.

ஊர் ஓடினால் ஒக்க ஓடலாமா?

"ஊர் ஓடினால் ஒக்க ஓடு" என்று ஒரு பழமொழி உண்டு. வெள்ளம் வரும்போது அது நல்ல யோசனை. பணம் போடும்போது?

ஈமு கோழி வளர்ப்பு நினைவு இருக்கிறதா? ஈரோடு மாவட்டம் பெருந்துறை வட்டாரத்தில் அது தீ போலப் பரவியது. பணம் கட்டினால் ஈமு குஞ்சுகள் கொடுப்போம், மாதாமாதம் வளர்ப்புக் கூலியும் தருவோம் என்று சில நிறுவனங்கள் ஆசை காட்டின. பக்கத்து வீட்டுக்காரர் போட்டார். அவரைப் பார்த்து எதிர் வீட்டுக்காரர் போட்டார். நிலத்தை அடகு வைத்தும் போட்டார்கள்.

2012-ல் எல்லாம் சரிந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பணத்தை இழந்தன. தீனி இல்லாமல் பறவைகள் வாடின.

அந்தக் கறியை யார் வாங்குகிறார்கள்? எந்தக் கடையில் விற்கிறது? இந்தக் கேள்விகளைப் பலர் கேட்கவில்லை. "இத்தனை பேர் போட்டிருக்கிறார்களே, விசாரிக்காமலா போட்டிருப்பார்கள்?" என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். அடுத்தவர் விசாரித்திருப்பார் என்று எல்லோருமே நினைத்தால், உண்மையில் விசாரித்தவர் யார்?

பத்து ஆண்டு நாற்காலி காலி!

தனியாக நிற்பதற்குப் பயம் என்பது இரண்டாவது காரணம். அது ஊரையே கட்டிப்போடும்.

மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். இந்த 4 ஊராட்சிகளின் தலைவர் பதவி, 1996-ல் தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்கம் உள்ளவர்கள் அதை ஏற்கவில்லை. தேர்தல் அறிவிப்பு வரும்; மனுப் போட ஆள் வராது. ஆள் வந்து ஜெயித்தாலும், உடனே ராஜினாமா செய்துவிடுவார். ஓர் ஆண்டு அல்ல, இரண்டு ஆண்டு அல்ல. 10 ஆண்டு இப்படியே போயிற்று!

"இது ஊர்க் கட்டுப்பாடு" என்றார்கள். அந்த ஊர்களில் இருந்த அத்தனை பேருக்குமா அது சம்மதம்? இருக்க முடியாது. ஆனால் மறுத்துப் பேசினால் ஊரைப் பகைக்க வேண்டும். ஆகவே வாய்கள் மூடிக் கிடந்தன. மௌனம் சம்மதமாக எழுதப்பட்டது.

2006-ல் நிலைமை மாறியது. அதிகாரிகள் ஊர் ஊராகப் போய்ப் பலமுறை பேசினார்கள். அப்போது மதுரை கலெக்டராக இருந்தவர் உதயச்சந்திரன். 2006 அக்டோபரில் 4 ஊர்களிலும் தேர்தல் நடந்தது. ஜெயித்தவர்கள் ராஜினாமா செய்யவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அதைக் கொண்டாட அந்த ஆண்டு சென்னையில் சமத்துவப் பெருவிழா நடந்தது. பிறகு 2021 அக்டோபர் 2-ந் தேதி, அதே பாப்பாபட்டியில் நடந்த கிராம சபைக் கூட்டத்தில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் கலந்துகொண்டார்.

ஊர் அதே ஊர்தான். மக்களும் அதே மக்கள்தான். "யாரும் ஒப்பமாட்டார்கள்" என்ற எண்ணம் உடைந்தது. கட்டுப்பாடும் உடைந்தது.

புகை வந்தது, யாரும் எழவில்லை

கூட்டத்துக்கு இன்னும் ஒரு குணம் உண்டு. அது பொறுப்பைப் பங்கு போட்டுவிடும்.

1968-ல் லட்டானே, டார்லி என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒருவரை ஓர் அறையில் உட்கார வைத்து, ஏதோ எழுதச் சொன்னார்கள். சிறிது நேரத்தில் சுவரின் துவாரம் வழியாகப் புகை வந்தது. அவர் என்ன செய்தார்?

தனியாக இருந்தபோது, 100-க்கு 75 பேர் எழுந்துபோய்த் தகவல் சொன்னார்கள். அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்து, அந்த இருவரும் புகையைப் பார்த்தும் பேசாமல் இருந்தால்? பத்தில் ஒருவர்தான் எழுந்துபோனார்! மற்றவர்கள் கண்ணைக் கசக்கினார்கள். கையால் புகையை விசிறினார்கள். தொடர்ந்து எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

"அவர்கள் சும்மா இருக்கிறார்களே, ஆபத்து இராது" என்று நினைப்பு. "ஆபத்து என்றால் யாராவது சொல்வார்கள்" என்று இன்னொரு நினைப்பு.

இதைப் படிக்கும்போது சிரிப்பு வரலாம். ஆனால் விருத்தாசலம் வட்டாரத்தில் நடந்த ஒன்றை நினைத்தால் சிரிப்பு வராது.

புதுக்கூரைப்பேட்டை அங்கே உள்ள ஊர். 2003 ஜூலை 8-ந் தேதி, அந்த ஊரில் ஓர் இளம் தம்பதி விஷம் கொடுத்துக் கொல்லப்பட்டார்கள். இருவரும் படித்தவர்கள். சாதி கடந்து கல்யாணம் செய்துகொண்டவர்கள். அதுதான் அவர்கள் செய்த "குற்றம்". கொன்றவர்களில் பெண்ணின் சொந்தக் குடும்பத்தாரும் இருந்தார்கள். ஊரார் பலர் பார்த்திருக்க அது நடந்தது. தடுத்து நிறுத்த ஒரு கை எழவில்லை.

ஊரார் எல்லோரும் கல்நெஞ்சர்களா? அப்படிச் சொல்ல முடியாது. பயம், சாதிக் கட்டு, உறவு, "மற்றவர்களே சும்மா நிற்கிறார்கள்" என்ற எண்ணம் எல்லாம் சேர்ந்துகொண்டால் மனிதன் மரம் ஆகிவிடுகிறான்.

வாலிபரின் குடும்பத்தார் விடவில்லை. நெருக்கடிகளுக்கு நடுவே சாட்சி சொன்னார்கள். வழக்கு சி.பி.ஐ.க்குப் போயிற்று. 2021 செப்டம்பரில் கடலூர் சிறப்புக் கோர்ட்டு, 13 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்புக் கூறியது. அவர்களில் இருவர் போலீஸ்காரர்கள்! குற்றவாளிகளின் மேல்முறையீட்டை 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு தள்ளுபடி செய்தது. நீதி கிடைக்க 22 ஆண்டு ஆயிற்று. அன்றைக்கு ஒரு குரல் எழுந்திருந்தால் இரண்டு உயிர்கள் பிழைத்திருக்கக்கூடும்.

கூட்டம் கெட்டதா?

அப்படியானால் கூட்டமே கெட்டதா? இல்லை! தனி மனிதனால் முடியாததைக் கூட்டம் முடித்துவைக்கும்.

புதுக்கோட்டையைப் பாருங்கள். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்புகளை நடத்தியது. கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளும் பெண்களுக்குச் சொல்லித்தரப்பட்டது. கிராமத்துப் பெண் ஒருத்தி தனியாகச் சைக்கிள் ஓட்டினால் ஊர் சிரிக்கும். பத்துப் பேர் ஓட்டினால்? ஆயிரம் பேர் ஓட்டினால்? 1992-ல் மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள், கொடி கட்டிய சைக்கிள்களில் மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டையில் ஊர்வலம் போனார்கள். சிரித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

மகளிர் சுய உதவிக் குழுக்களும் இப்படித்தான். தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கியது. ஒரு குழுவில் 12 முதல் 20 பேர் வரை இருப்பார்கள். வீட்டில் தனியாகச் சேமித்தால், அவசரம் வந்ததும் கை டப்பாவுக்குப் போகும். குழுவில் கட்டுகிற பணத்துக்கு அந்த ஆபத்து இல்லை. "அக்கா எல்லாரும் கட்டுறாங்க, நான் மட்டும் கட்டாம இருக்கலாமா?" என்ற வெட்கமே சேமிப்பு ஆகிறது.

அதே வெட்கம் கத்தியாகவும் ஆகலாம். தவணை கட்ட முடியாதவளைப் பத்துப் பேர் முன்னிலையில் நிறுத்திக் கேட்டால், அவள் கந்து வட்டிக்குக் கடன் வாங்கியாவது கட்டுவாள். "ஏன் கட்டவில்லை? வீட்டில் என்ன கஷ்டம்?" என்று ஒருத்தி கேட்டால் போதும். கத்தி திரும்பவும் கை ஆகிவிடும்.

ஒரு குரல் போதும்

தப்பிக்க எளிய வழி உண்டு என்று முதலில் பார்த்தோம். அது என்ன?

பேராசிரியர் ஆஷ் தம் சோதனையில் ஒரு மாறுதல் செய்தார். கூட்டத்தில் ஒரே ஒருவரை மட்டும் சரியான விடை சொல்லச் சொன்னார். மற்றவர்கள் எல்லோரும் பழையபடி தவறாகவே சொன்னார்கள். என்ன ஆயிற்று? கூட்டத்துக்குப் பணிவது சுமார் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது! "நான் தனி ஆள் இல்லை" என்ற தைரியம் வந்துவிட்டது. விடையை வாயால் சொல்லாமல் தாளில் எழுதச் சொன்னபோதும் தவறுகள் வெகுவாகக் குறைந்தன.

கூட்டத்தை எதிர்க்கப் பெரும்படை வேண்டியதில்லை. ஒருவர் போதும். அவர் வாயைத் திறந்தால் இன்னும் நாலு வாய் திறக்கும்.

இதை வைத்துச் சில காரியங்கள் செய்யலாம்.

கூட்டத்தில் தலைவரோ, ஊர்ப் பெரியவரோ முதலில் கருத்துச் சொல்லக்கூடாது. அவர் சொல்லிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். இளையவர்களும் பெண்களும் முதலில் பேசட்டும். பெரியவர் கடைசியில் பேசட்டும்.

சண்டை வரக்கூடிய விஷயம் என்றால், கை தூக்கச் சொல்லாமல் சீட்டில் எழுதி வாங்கலாம்.

எதிர்த்துப் பேசத் தயக்கமாக இருந்தால், கேள்வியாகக் கேட்கலாம். "இதற்கு எவ்வளவு செலவாகும்?", "கீழத் தெருவுக்கு எப்போது?" என்று கேட்பதில் பகை இல்லை.

வீட்டிலும் இப்படியே. நிலம் விற்பது, கல்யாணம் பேசுவது, சீட்டுக் கட்டுவது எதுவானாலும் "உனக்கு என்னம்மா தோணுது?" என்று தனியாக ஒரு தடவை கேட்கவேண்டும். எல்லோர் முன்னிலையிலும் வராத பதில் அப்போது வரும்.

சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடக்கிறார். சுற்றிலும் கூட்டம். "யாராவது போன் பண்ணுங்க" என்று கத்தினால் யாரும் பண்ணமாட்டார்கள். "நீலச் சட்டை அண்ணே, நீங்க 108-க்குப் போன் போடுங்க" என்று ஒருவரைக் கைகாட்டிச் சொல்லவேண்டும். அவர் உடனே போடுவார்.

தேர் சொல்லும் பாடம்

விருத்தாசலத்தில் பழமலைநாதர் கோவில் மாசி மகத் தேரோட்டம் புகழ் பெற்றது. சுற்று வட்டார மக்கள் கூடி வடம் பிடிப்பார்கள். ஊர் கூடினால்தான் தேர் ஓடும்.

ஆனால் வடம் பிடித்த எல்லோரும் முழுப் பலத்தோடு இழுக்கிறார்களா? ரிங்கல்மேன் என்ற பிரெஞ்சு விவசாய என்ஜினீயர் இதை அளந்து பார்த்து, 1913-ல் வெளியிட்டார். தனி ஆள் இழுக்கும் பலம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவர் சேர்ந்து இழுத்தால் தலைக்கு 93. மூவர் என்றால் 85. எட்டுப் பேர் என்றால் தலைக்கு 49! எல்லோரும் ஒரே நொடியில் இழுக்காதது ஒரு காரணம். "மற்றவர்கள் இழுப்பார்கள்" என்ற எண்ணம் இன்னொரு காரணம்.

தேரோட்டத்தில் ஒருவர் மட்டும் அப்படி இருக்க முடியாது. அவர்தான் சக்கரத்தின் அருகில் முட்டுக்கட்டையோடு நிற்பவர். எத்தனை பேர் இழுத்தாலும், தேர் எங்கே திரும்பவேண்டும், எங்கே நிற்கவேண்டும் என்பது அவர் கையில் இருக்கிறது. இப்போது பல தேர்களுக்கு இரும்புச் சக்கரமும் பிரேக்கும் வந்துவிட்டன. ஆனாலும் முட்டுக்கட்டையை யாரும் தூக்கி எறியவில்லை.

நம் பேச்சில் "முட்டுக்கட்டை போடுகிறவன்" என்றால் திட்டு. நல்ல காரியத்தைக் கெடுப்பவன் என்று பொருள். தேரைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்லும். முட்டுக்கட்டை போடுகிறவர் தேருக்கு எதிரி அல்ல. தேர் வீட்டுச் சுவரில் மோதாமல், ஆள் மேல் ஏறாமல், நல்லபடியாக நிலைக்கு வந்து சேர்வது அவரால்தான்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து "எனக்கு ஒரு சந்தேகம்" என்று சொன்னால், "இவனுக்கு வேறு வேலை இல்லை" என்று முணுமுணுக்க வேண்டாம். அவரைப் பேச விடுங்கள். அவர் சொல்வது தவறாகவும் இருக்கலாம். ஆனால் அவர் பேசியதால், உங்கள் பக்கத்தில் வாய் மூடி இருந்த இன்னொருவருக்குத் தைரியம் வந்திருக்கும்.

யாருமே எழவில்லையா? அப்படியானால் நீங்கள் எழுந்திருங்கள்!